ஆறு தந்தி – 14: தலைகீழாய்க் கிடந்த காந்தம்

1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிப்ஸன் கம்பனி செய்த லெஸ் போல் ரகக் கிற்றார் ஒன்று. புதிதாய் இருந்தபோது அதன் உடம்பு அந்தி வானம்போல மஞ்சளும் சிவப்புமாய்க் கலந்திருந்தது. ஆண்டுகள் போகப் போகச் சிவப்பு வெளிறி, இப்போது எலுமிச்சம்பழத் தோலின் நிறம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவ்வளவுதான். உள்ளே ஒரு பிழை கிடந்தது.

தந்திக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருளைப் பிக்கப் என்பார்கள். தந்தி நடுங்குவதை மின்சாரமாக்குவது அதன் வேலை; ஐந்தாம் அத்தியாயத்தில் விரிவாய்ப் பார்த்தோம். இந்தக் கிற்றாரில் அப்படி இரண்டு. அவற்றில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாய்க் கிடந்தது. ஒவ்வொன்றையும் தனியே போட்டு வாசித்தால் ஒரு குறையும் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் குணம் காட்டும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். கல்முனைக் கரையில் நின்றவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: கரையில் மோதித் திரும்பும் அலையும் வந்துகொண்டிருக்கும் அலையும் ஏற்றமும் இறக்கமுமாய்ச் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் ஒரு கணம் மட்டமாகிவிடும். அப்படி ஒலியின் தடித்த அடிப்பாகம் கரைந்துபோய், மூக்கால் முனகுவதுபோல மெலிந்த குரலொன்று மிஞ்சும்.

இந்தக் கிற்றாருக்குக் கிறீனி என்று பெயர். பெயர் வந்தது பீற்றர் கிறீனிடமிருந்து. அவர் ஒருமுறை அந்தப் பிக்கப்பைக் கழற்றி முன்பின்னாய்ப் பூட்டினார். அதனால்தான் அந்தக் குரல் என்று வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். திறந்து பார்த்த திருத்துநர்கள்தான் விஷயம் உள்ளே இருக்கும் காந்தத்தில் என்று கண்டார்கள். சீராகச் செய்த ஆயிரம் கிற்றார்களுக்குக் கிடைக்காத பெயர் இந்தப் பிழைக்குக் கிடைத்தது.

சென்ற கிழமை மடி வோட்டர்ஸ் 1958-இல் இங்கிலாந்துக்குப் போய் மின்கிற்றாரை முடுக்கியதையும், மிசிசிப்பி வயல்களைக் கண்ணாலும் காணாத வெள்ளைக்காரப் பையன்கள் அதைக் கேட்டுப் பித்தானதையும் சொன்னேன். பீற்றர் கிறீன் அந்தப் பையன்களில் ஒருவர். 1946-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் கிறீன்பாம். ஜோன் மேயோலின் புளூஸ்பிறேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளப்டன் விட்டுப்போன இடத்துக்கு 1966-இல் வந்தார். அடுத்த ஆண்டே வெளியேறி ஃபிளீட்வூட் மெக் குழுவைத் தொடங்கினார். 1968-இல் 'பிளெக் மெஜிக் வுமன்' எழுதினார். 'அல்பட்ரோஸ்' 1969 தொடக்கத்தில் பிரித்தானியாவில் முதலிடத்துக்குப் போனது. காசு கொட்டியது. அந்தக் காசே அவருக்கு முள்ளாய்க் குத்தியது. சக வாத்தியக்காரர்களிடமும் எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்துவிடுவோம் என்று வாதாடினார். 1970 மே மாதம் குழுவை விட்டுப் போனார். பிறகு மனநோய், மருத்துவமனை, மின்னதிர்ச்சிச் சிகிச்சை. பீற்றர் கிறீன் ஒரு கட்டத்தில் மையவாடியில் குழிவெட்டும் வேலையும் பார்த்தார்.

குழுவை விட்டுப்போகும் ஆண்டின் தொடக்கத்தில் டப்ளினில் ஒரு கச்சேரி. ஃபிளீட்வூட் மெக் மேடையேறுமுன் ஸ்கிட் றோ என்ற ஐரிஷ் குழு வாசித்தது. அதில் கிற்றார் வாசித்த பொடியனுக்கு வயது 17. பெயர் கெரி மூர்.

கெரி பெல்பாஸ்ட் ஊர்க்காரர், 1952 ஏப்ரல் 4-இல் பிறந்தவர். ஆள் இடதுகைப் பழக்கம். ஆனால் வலதுகைக்காரரின் கிற்றாரையே பிடித்துப் பழகிவிட்டார். பலம்கொண்ட கை தந்திகளை அழுத்தும் பக்கம் அமைந்துவிட்டதால்தான் அவர் தந்தியை வளைக்கும்போது அவ்வளவு உறுதி என்று சொல்பவர்கள் உண்டு. சிறுவனாய் இருக்கும்போதே பெல்பாஸ்டுக்கு வந்த புளூஸ்பிறேக்கர்ஸ் குழுவில் கிறீன் வாசித்ததைப் பார்த்திருக்கிறார். 16 வயதில் வீட்டை விட்டு டப்ளினுக்குப் போனார். அவர் போன கையோடு பெல்பாஸ்ட் தெருக்களில் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அடிபடத் தொடங்கினார்கள். அந்தச் சண்டை 30 ஆண்டு ஓயவில்லை.

டப்ளினில் பொடியனைக் கேட்ட கிறீன் தன் முகாமையாளரிடம் சொல்லி ஸ்கிட் றோவுக்கு சிபிஎஸ் கம்பனியில் ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார். குழுவை விட்டபின் கிறீனியை முதலில் இரவலாய்க் கொடுத்தார். பிறகு, வேண்டுமானால் வைத்துக்கொள் என்றார். கெரியிடம் காசில்லை. தன் கிற்றாரை விற்றுக் காசு கொண்டுவரச் சொன்ன கிறீன், அதிலும் தான் அந்தக் காலத்தில் கொடுத்த விலையளவைத்தான் எடுத்துக்கொண்டார். ஏதோ நூற்றுச் சொச்சம் பவுண். அதே கிற்றாருக்கு இன்று மில்லியன் கணக்கில் விலை சொல்கிறார்கள். அது நல்ல ஒருவரிடம் இருக்கவேண்டும் என்பதுதான் கிறீனுக்கு வேண்டியிருந்தது.

இப்படி ஒரு புளூஸ்காரரின் கையிலிருந்து கிற்றாரை வாங்கியவர், அடுத்த இருபது ஆண்டும் புளூஸுக்கென்று ஒரு தட்டுப் போடவில்லை. தின் லிஸி குழுவுக்குப் போவதும் வருவதுமாய் இருந்தார். கொலோஸியம் 2 குழுவில் சிக்கலான ஜாஸ் றொக். 1980-களில் தன் பெயரிலேயே காதைப் பிளக்கும் ஹெவி றொக்: 1982-இல் 'கொரிடோர்ஸ் ஒஃப் பவர்', 1985-இல் 'ரன் ஃபோர் கவர்', 1987-இல் 'வைல்ட் ஃபிரன்டியர்', 1989-இல் 'ஆஃப்டர் த வோர்'. நான் இவற்றை ஒன்றுவிடாமல் கேட்டவன். இன்று திருப்பிக் கேட்கச் சொன்னால் பாதியில் எழும்பிவிடுவேன். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: 1985-இல் தின் லிஸிப் பாடகர் ஃபில் லைனட்டோடு சேர்ந்து பாடிய 'அவுட் இன் த ஃபீல்ட்ஸ்'. வட அயர்லாந்துச் சண்டையைப் பற்றியது. டப்ளினில் வளர்ந்த கறுப்புக் கத்தோலிக்கரும் பெல்பாஸ்டுப் புரட்டஸ்தாந்தரும் ஒரே மைக்குக்கு முன்னால் நின்று பாடினார்கள். எட்டு மாதத்தில் லைனட் இறந்துபோனார்.

கெரி வேகத்துக்குப் பெயர்போனவர். 1989-இல் அந்த வேகமே அவருக்கு அலுத்துவிட்டது. அந்த ஆண்டு ஜேர்மனியில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, கச்சேரிக்கு முன் உடுப்பு மாற்றும் அறையில் தனியே இருந்து, கையைச் சூடாக்கிக்கொள்ளப் புளூஸ் வாசித்துக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டு நின்ற பேஸ் கிற்றார்காரர் பொப் டெய்ஸ்லி, இதையே ஒரு தட்டாய்ப் போட்டால் என்ன என்று கேட்டுவைத்தார். மேடையில் ஆயிரக்கணக்கானோர் கேட்பது ஒன்று, கதவைச் சாத்திக்கொண்டு தனக்காக வாசிப்பது வேறொன்று என்று ஆகிவிட்ட மனிதரிடம் கேட்ட கேள்வி அது. 1990 மார்ச்சில் 'ஸ்டில் கொட் த புளூஸ்' வந்தது.

அதன் அட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? பெரிய கெரி அதில் இல்லை. கட்டிலில் ஒரு சிறுவன் மடியில் கிற்றாரோடு இருக்கிறான். சுவரில் ஜிமி ஹென்ட்றிக்ஸ் படம். திரும்பிப் போவது என்றால் எங்கே என்று அந்த அட்டையே சொல்லிவிடுகிறது. மிசிசிப்பிக்கு இல்லை, சிக்காகோவுக்கு இல்லை. சுவருக்குள் ஒரு பையன் தட்டுக் கேட்டுக் கிடந்த பெல்பாஸ்ட் அறைக்கு.

அந்த இசை அந்த அறைக்கு வந்துசேர்ந்த வழி நீளமானது. நம் வாசகர்களுக்கு அதில் இரண்டு இடம் பழகிய இடமாய் இருக்கும். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வட்டைகளில் பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்தவர்கள் பரணில் இருந்து கவி படித்தார்கள். ஒருவர் இருட்டுக்குள் நீட்டி இழுப்பார். தூரத்துப் பரணிலிருந்து மற்றவர் திருப்பிக் கொடுப்பார். பக்கவாத்தியம் கிடையாது. இழுக்கிற இழுப்புத்தான் தாளம். நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊரூராய்ப் போய்த் தேடி எழுதிவைத்திராவிட்டால் அவற்றில் பாதி மண்ணோடு போயிருக்கும். இப்போது அறுவடை மெஷின் வயலுக்குள் இறங்கினால் பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்கே கத்தவேண்டும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி வயல்களிலும் இப்படித் தனிக்குரல் இழுப்பு ஒன்று இருந்தது. அடிமைகளும் அடிமைகளின் பிள்ளைகளும் வேலைக்கிடையே எழுப்பிய கூவல். கவியும் இதுவும் ஒன்றேதான் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும். நம் கவியில் முக்கால்வாசி மச்சானும் மச்சியும் பேசுகிற காதல். போடியாரிடம் கூலிக்கு நின்றவனுக்கும் விடிந்தால் திரும்பிப் போகச் சொந்தக் குடிசை இருந்தது. அங்கே கூவியவனை, அவன் பெற்ற பிள்ளையைக்கூட, இன்னொருவன் சந்தையில் விற்க முடிந்தது.

ஆனால் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோன இடத்தைப் பாருங்கள். மேற்கு ஆபிரிக்காவின் செனகல், கினி, மாலிப் பக்கம். அங்கே இஸ்லாம் நூற்றாண்டுகளாய் வேரோடியிருந்தது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் குர்ஆன் ஓதியவர்களும் கிதாபு படித்தவர்களும் இருந்தார்கள். ஜோர்ஜியா மாநிலத்துச் சப்பெலோ தீவில் ஒரு தோட்டத்தில் மேற்பார்வையாளராயிருந்த அடிமையின் பெயர் பிலாலி முஹம்மது. முதல் பாங்கு சொன்ன பிலால் நாயகத்தின் பெயரை, அவரைப் போலவே ஆபிரிக்காவில் வேர்கொண்டு அடிமையாகிப்போன ஒருவர் சுமந்திருந்தார். அவர் கைப்பட எழுதிய 13 பக்க அரபுச் சுவடி இன்றும் இருக்கிறது. பார்த்தவர்கள் முதலில் நாட்குறிப்பு என்று நினைத்தார்கள். வாசித்துப் பார்த்தால், வுழூ எடுப்பது, தொழுவது பற்றிய சட்டம். மாலிகி மத்ஹபின் றிஸாலா நூலிலிருந்து ஞாபகத்தில் நின்றதை எழுதியிருக்கிறார். நாம் ஷாஃபி, அவர் மாலிகி; அது கிடக்கட்டும். கிதாபு இல்லாத தீவில் ஒரு மனிதர் ஓதியதை மறந்துவிடாமலிருக்க எழுதிக்கொண்டிருந்தார்.

1930-களில் அந்தத் தீவுக்குப் போய்ப் பழைய கதைகளைக் கேட்டு எழுதியவர்களிடம், பிலாலியின் வம்சத்தில் வந்த ஒரு மூதாட்டி தன் பாட்டி செய்த பலகாரம் ஒன்றைச் சொன்னார். அரிசியைக் கழுவி, தண்ணீரை வடித்து, இரவு முழுக்க ஈரத்தோடு வைப்பார்களாம். விடிந்ததும் உரலில் இடித்து மாவாக்கி, தேனோ சீனியோ சேர்த்து, கையால் தட்டையாய்த் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். அந்தப் பலகாரத்தை ஒரு சொல்லால் அழைப்பார்களாம்: சரக்கா. மூதாட்டிக்கு அது பலகாரத்தின் பெயர். கல்முனைக்குடியில் எந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள், சதக்கா என்று திருத்திச் சொல்லும்.

சப்பெலோ கிழக்குக் கரைத் தீவு. புளூஸ் பிறந்தது தொலைவில், மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். ஒன்றிலிருந்து நேரே மற்றதுக்குக் கோடு கிழிக்க முடியாது. இருந்தாலும் சொல் தங்கியதுபோல ஓசையும் தங்கியிருக்கும் என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஆதாரம் அடுக்கியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் சில்வியான் டியூஃப் தன் சொற்பொழிவுகளில் இரண்டு ஒலிப்பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக்காட்டுவார். ஒன்று பாங்கு. மற்றது மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் 1940-களில் நாட்டார் பாட்டுச் சேகரிப்பாளர் அலன் லோமக்ஸ் பதிந்த கைதி ஒருவரின் கூவல். சொல்லை நீட்டுவது, ஒரே எழுத்தைப் பல சுரங்களில் நெளிப்பது, தொண்டைக்குள் நடுங்குவது, மூக்கால் இறங்கி நிற்பது. சபை சற்று நேரம் பேசாதிருக்கும். கெர்ஹார்ட் குபிக் என்ற ஒஸ்திரிய அறிஞர் வேறு வழியால் அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் பறையடித்துக் கிளர்ந்தெழுந்தபின், அடுத்த ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பறையைத் தடைசெய்தது. பறை போனால் பறையை நம்பிய இசை தளரும். தந்திக்கருவியும் தனிக்குரலுமாய் வந்த, பாலைவன ஓரத்து முஸ்லிம் நாடுகளின் இசைக்கு ஆபத்தில்லை.

புளூஸின் அடிச்சட்டம் எளிது. ஓர் அடியைப் பாடு. அதையே இன்னொருதரம் பாடு. மூன்றாம் அடியில் அதற்குப் பதில் சொல். சுரத்தில்தான் நுணுக்கம். ஹார்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். புளூஸ்காரன் தேடுகிற சுரம் இரண்டுக்கும் நடுவில் உள்ள வெடிப்புக்குள் இருக்கிறது. ஹார்மோனியத்தால் எடுக்க முடியாது, கிற்றாரால் முடியும்: தந்தியை அழுத்திய விரலாலேயே மேலே தள்ளி வளைத்தால் சுரம் வழுக்கிப் போய் அந்த இடைவெளியில் நிற்கும். கிறீன் அந்த இடத்தில் நின்றுகொண்டு வெகுநேரம் பேசாமல் இருப்பார். கெரி பேசாமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

1990-இல் 'ஸ்டில் கொட் த புளூஸ்' தட்டு எப்படி எனக்குக் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். கல்முனை பசாரில் அக்காலத்து றெக்கோடிங் பார்களில் நாகூர் ஹனிபாவும் இளையராஜாவும் கிடைப்பார்கள். கெரி மூர் கிடைக்கமாட்டார். என் சாச்சா குவைத்தில் இருந்தார். ஓகஸ்ட் 2-இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூனிலேயே கிழக்கில் சண்டை மூண்டிருந்தது. சரணடைந்த பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். கல்முனைப் பக்கத்துத் தமிழர் பலர் பிடிபட்டுக் காணாமற்போயிருந்தார்கள். அங்கே சாச்சாவைப் பற்றிச் செய்தியில்லை, இங்கே நாங்கள் இருக்கிறோமா என்று அவருக்குத் தெரியாது. யோர்தான் பாலைவன முகாம் வழியாக அவர் ஊர் வந்தபோது கையில் ஒரு பை மட்டும். அனுப்பவென்று கட்டிவைத்த பெட்டியெல்லாம் அங்கேயே போய்விட்டது. பைக்குள் இரண்டு சாரம், பாஸ்போட், நாலைந்து கசெட். அதில் ஒன்று அந்தத் தட்டு.

கரண்ட் இல்லாத ஊரில் பட்டரி தங்கம். கசெட்டைத் திருப்பி ஓடவிட்டுப் பட்டரியை வீணாக்காமல், ஆறுமூலைப் பேனையொன்றைச் செருகிக் கையாலேயே சுற்றுவோம். தளர்ந்த பட்டரியை முற்றத்து வெயிலில் காயப்போட்டால் இன்னும் இரண்டு பாட்டுக்கு வரும். ஊரடங்கு இரவொன்றில் சத்தத்தைக் குறைத்துவைத்துத் தலைப்புப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். உம்மம்மா பாயில் கிடந்தபடியே கேட்டா: "மனே, இந்த வெள்ளக்காரன் ஏன் கிடந்து அழுறான்? பொஞ்சாதி உட்டுட்டுப் போயிட்டாளா?"

"ஓம் உம்மா, போயிட்டாளாம்," என்றார் சாச்சா.

"அதுக்கு இம்மட்டு நேரமா?"

அந்தப் பாட்டைப் பற்றி நான் பின்னால் படித்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது கிடையாது. உண்மையில் 'ஸ்டில் கொட் த புளூஸ்' என்ற தலைப்புப் பாட்டின் சட்டம் புளூஸே அல்ல. மூன்று அடிச் சட்டம் அதில் இல்லை. ஜாஸ்காரர் விரும்புகிற, சுற்றிச் சுற்றி இறங்கும் சுரக்கோர்வை. பின்னணியில் வயலின் கூட்டம் வேறு. புளூஸுக்குத் திரும்பிப் போனவருக்குக் காசும் பெயரும் கொண்டுவந்தது புளூஸ் அல்லாத அந்தப் பாட்டுத்தான். அதன் கிற்றார்ப் பகுதியும் கடைசியில் சிக்கலில் மாட்டியது: 1974-இல் ஜூட்ஸ் கெலரி என்ற ஜேர்மன் குழு வாசித்த 'நோர்ட்ராக்' மெட்டை ஒத்திருக்கிறது என்று 2008-இல் மியூனிக் நீதிமன்றம் கெரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதை அறிந்திருக்கவே இல்லை என்றார் கெரி.

தட்டின் மற்றப் பக்கங்களில்தான் சரக்கு இருக்கிறது. இரண்டு அல்பர்ட்டுகளைக் கூப்பிட்டிருந்தார். அல்பர்ட் கிங் 1923-இல் மிசிசிப்பியில் பிறந்து, பருத்தி வயலில் வளர்ந்து, புல்டோசர் ஓட்டிய, ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். இவரும் இடதுகைக்காரர், ஆனால் கெரியைப்போல் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கிற்றாரையே தலைகீழாய்ப் பிடித்தார். அதனால் தந்தியை மேலே தள்ளாமல் கீழே இழுத்து வளைப்பார். 'ஓ ப்ரிட்டி வுமன்' பாட்டில் இருவரும் வாசிக்கிறார்கள். கெரி முப்பது சுரத்தில் சொல்வதைக் கிங் மூன்றில் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். அந்த மூன்றிலும் ஒன்று பாதி. கெரிக்கு இது தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பதிவுசெய்தார் என்பதற்காக எனக்கு அவர்மேல் மரியாதை. 'டூ டயர்ட்' பாட்டில் மற்ற அல்பர்ட், அல்பர்ட் கொலின்ஸ். 1992-இல் கிங்கும் 1993-இல் கொலின்ஸும் காலமானார்கள்.

கெரியின் வெற்றியைக் கண்டு கம்பனிகள் கணக்குப் போட்டன. கிளப்டன் 1994-இல் 'ஃபுறொம் த கிறேடில்' என்று முழுக்கப் பழைய புளூஸ் பாட்டுகளாய் ஒரு தட்டுப் போட்டார்; பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முதலிடம். நல்ல தட்டுத்தான். ஆனால் இதே கிளப்டன் 1976 ஓகஸ்டில் பேர்மிங்ஹாம் மேடையில் போதையில் நின்று, குடியேறிய கறுப்பரையும் ஆசியரையும் இழிவாய் ஏசி, நாட்டைவிட்டுப் போகச் சொன்னவர். இனவாதத்துக்கு எதிரான றொக் என்ற இயக்கம் எழும்பியதே அதற்குப் பதிலாகத்தான். பின்னாளில் வெட்கப்படுவதாகச் சொன்னார். அந்தத் தட்டில் எதை எடுத்தாலும் ஒரு கறுப்பருடைய பெயர் அடியில் இருக்கும். புளூஸைத் தாய்வீடாகக் கொண்டவர் தாயின் ஆட்களை வாசலில் நிற்கவிடவில்லை. 'தொட்டிலிலிருந்து' என்று தட்டுக்குப் பெயர் வைத்ததை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அதே 1994-இல் வேறொரு தட்டு. மாலி நாட்டு அலி ஃபர்க்கா தூரே, அமெரிக்கக் கிற்றார்காரர் றை கூடரோடு சேர்ந்து செய்த 'டோக்கிங் டிம்பக்டு'. கிரமி விருது கிடைத்தது. அலியின் கிற்றார் அமெரிக்கப் புளூஸ்காரர் ஜோன் லீ ஹூக்கரைப்போல இருக்கிறது என்று மேற்கத்தியர்கள் வியந்தபோது, இது எங்களிடமிருந்து போனது என்பது அவர் பதில். புகழ் வந்தபிறகும் நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே ஊரைவிட்டு அசையவில்லை. தொழில் என்னவென்று கேட்டால் வேளாண்மை என்பார். தட்டில் வந்த காசை வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் போட்டார். 2004-இல் ஊருக்கு மேயரானார், 2006-இல் மவுத்தானார். திரும்பிப் போனவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் எங்கேயும் போயிருக்கவில்லை.

நம் பக்கம் இப்படி ஒருவரும் இல்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் கிற்றார் பைலாவின் கையில் வளர்ந்தது; அது தனிக் கதை, பிறகு வரும். இந்தியாவின் வடகிழக்கில் ஷில்லொங் மலைநகரில் இருக்கிறார் ரூடி வல்லாங். தகப்பனார் டோட்டோ வல்லாங் ஜாஸ் வாத்தியக்காரர். ரூடி றொக் குழுக்களில் வாசித்துத் திரிந்துவிட்டு, 2003-இல் திப்ரித்தி கர்பங்கார் என்ற பாடகியோடு சோல்மேட் என்ற புளூஸ் குழுவைத் தொடங்கினார். முதல் தட்டுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். 2007-இல் மெம்பிஸ் நகரத்துச் சர்வதேசப் புளூஸ் போட்டிக்குப் போய் அங்கத்தையவர் முன்னாலேயே வாசித்தார்கள். காஸி மலையில் மழைக்கு நனைந்த கூரையின் கீழே வளர்ந்த ஒருவருக்கு மிசிசிப்பி எப்படித் தாய்வீடாகும் என்று கேட்டால், பெல்பாஸ்ட் பொடியனிடமும் அதைக் கேட்கவேண்டிவரும்.

கெரி புளூஸில் நிலைத்துவிட்டாரா? இல்லை. 1992-இல் 'ஆஃப்டர் அவர்ஸ்' தட்டில் பி. பி. கிங்கோடு வாசித்தார். 1995-இல் கிறீனின் பாட்டுகளைக் கிறீனின் கிற்றாரிலேயே வாசித்து 'புளூஸ் ஃபோர் கிறீனி' போட்டார். பணிவோடும் நிதானத்தோடும் அவர் வாசித்த தட்டு எது என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அந்த நேரம் கிறீன் நோயிலிருந்து மெல்ல எழும்பிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கணக்காய் நகம் வளர்த்துக் கிற்றாரைத் தொடாமல்கூட இருந்த மனிதர், நண்பர்கள் தாங்க, மறுபடி மேடையேறி 1998-இல் பழைய புளூஸ்காரர் றொபட் ஜோன்சனின் பாட்டுகளை ஒரு முழுத் தட்டாய்ப் பாடினார். பழைய கை வரவில்லை. குரல் மட்டும் கிணற்றடியிலிருந்து வருவதுபோல வந்தது. கெரியோ அதற்குள் புளூஸை விட்டுவிட்டு மின்னணுத் தாளங்களில் இறங்கியிருந்தார். அது விலைபோகவில்லை. 2001-இல் 'பெக் டு த புளூஸ்' என்று பெயரே வைத்துக்கொண்டு இரண்டாம் முறையாகத் திரும்பி வந்தார்.

2006-இல் கிறீனியை விற்றார். 2010-இல் புளூஸையும் ஓரமாய் வைத்துவிட்டுப் பழைய றொக் பாட்டுகளோடு ஐரோப்பாவைச் சுற்றினார். அயர்லாந்து நாட்டார் மெட்டுகள் கலந்த ஒரு றொக் தட்டுக்கு வேலையும் தொடங்கியிருந்தார். அது முடியவில்லை. 2011 பெப்ரவரி 6-இல் ஸ்பெயினின் எஸ்டெப்போனா நகரத்து ஹோட்டல் அறையில், 58 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

கிற்றார் கைமாறிக் கைமாறி 2014-இல் மெட்டாலிக்கா குழுவின் கேர்க் ஹமட்டிடம் போய்ச் சேர்ந்தது. 2020 பெப்ரவரி 25-இல் லண்டன் பலேடியம் அரங்கில், பீற்றர் கிறீனைக் கௌரவித்து அவருடைய பழைய குழுத் தோழர் மிக் ஃபிளீட்வூட் ஒரு கச்சேரி வைத்தார். ஹமட் கிறீனியைக் கொண்டுவந்து, கிறீன் தன் குழுவுக்குக் கடைசியாய் எழுதிக்கொடுத்த 'த கிறீன் மனலிஷி' பாட்டை வாசித்தார். காசையே பேயாகக் கண்டு எழுதிய பாட்டு அது. வாசித்த கிற்றாரோ உலகத்தின் மிக விலையுயர்ந்த கிற்றார்களில் ஒன்று.

கிறீன் அன்றைக்கு அரங்குக்கு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஜூலை 25-இல், அவரும் தூக்கத்திலேயே போனார்.

(தொடரும்)